வடிகட்டிய நீரும் வடிகட்டாத புகையும்

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, அதன்வழியே நீரை ஊற்றுவர். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்த நீர்நிலையிலிருந்து நீர் எடுத்தார்களோ அந்நீர்நிலையிலேயே மீண்டும் சேர்ப்பிப்பர். கிணறு போய்க் குழாய் வந்த பின்னரும், குழாயின் வாயில் துணி கட்டும் மூதாட்டியரை நம் ஊர்களில் காணலாம். பருகுபவருக்கு இதனால் உடல்நலம் விளையலாம். ஆயினும் அது இவ்வழக்கத்தின் நோக்கமன்று. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிருக்கும் நம் தாகத்தால் துன்பம் நேரலாகாது என்னும் அருளுணர்வே இதன் அடிப்படை.

இவ்வழக்கத்தை மனத்திற் கொண்டு, நம் காலத்து வேறொரு வடிகட்டியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். மோட்டார் காரின் அடிப்பகுதியில், இயந்திரத்திற்கும் சைலன்சருக்கும் இடையே, எவர் கண்ணிலும் எளிதில் படாமல் பொருத்தப்பட்டிருப்பது 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' என்னும் கருவி. வேகத்தையும் முழக்கத்தையும் விரும்பிக் காரின் இயந்திரத்தை மாற்றியமைக்கும் இளைஞர் சிலர், இக்கருவியைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். டீசல் வண்டிகளில் இதே பணியைச் செய்யும் கரி வடிகட்டியையும் ஈ.ஜி.ஆர். வால்வையும், செலவு மிச்சம் என்று கருதி நீக்குவோரும் உளர். இச்செயல் வெறும் சட்ட மீறல்தானா? அன்றி இம்சையா? இம்சையெனில், இல்லறத்தார் தவிர்க்க இயலாத இம்சையா, தவிர்த்தே ஆகவேண்டிய இம்சையா? கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் குடும்பங்கள் இவ்வினாவைக் கடந்து செல்ல முடியாது.

கருவி செய்யும் பணி

பெட்ரோல் இயந்திரத்தினுள் எரிபொருள் ஒருபோதும் முற்ற எரிவதில்லை. மூன்று நச்சுகள் புகையோடு வெளிப்படுகின்றன. முதலாவது கார்பன் மோனாக்சைடு. இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வது. இரண்டாவது எரியாத ஹைட்ரோகார்பன்கள். புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் இவற்றுள் ஒன்று. மூன்றாவது நைட்ரஜன் ஆக்சைடுகள். இவை நுரையீரலைத் தாக்குவதோடு, வெயிலில் ஹைட்ரோகார்பன்களுடன் கூடித் தரைமட்டத்தில் ஓசோன் என்னும் மற்றொரு நச்சையும் தோற்றுவிக்கின்றன.

கன்வர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டை ஒன்று உள்ளது. அதன் நுண்ணிய துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். சூடான புகை இதனூடே செல்லும்போது, மேற்கூறிய மூன்று நச்சுகளும் கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. நல்ல நிலையிலுள்ள கருவி, நன்கு சூடேறிய பின், இந்நச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாக நீக்கிவிடும். புவியின் வெப்பத்தைப் பெருக்கும் கரியமிலவாயுவை இக்கருவி குறைப்பதில்லை. ஆகவே கன்வர்ட்டர் பூட்டிய கார் குற்றமற்ற கார் ஆகிவிடாது. தீங்கு குறைந்த கார் ஆகும்.

டீசல் வண்டியில் ஈ.ஜி.ஆர். வால்வு, புகையின் ஒரு பகுதியை மீண்டும் இயந்திரத்திற்குள் செலுத்தி, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவதைக் குறைக்கிறது. கரி வடிகட்டி, புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள்களைப் பிடித்து வைத்துப் பின்னர் எரித்துவிடுகிறது. புதிய லாரிகள் பலவற்றில் யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் ஏற்பாடும் உண்டு.

இக்கருவிகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பிரேக் ஓட்டுபவரைக் காக்கிறது. முகவிளக்கு அவருக்கு வழி காட்டுகிறது. இருக்கைப் பட்டை அவர் உயிரைக் காக்கிறது. ஆனால் கன்வர்ட்டரால் வண்டிக்குள் இருப்பவருக்கு யாதொரு பயனும் இல்லை. அது முற்றிலும் வண்டிக்கு வெளியே இருப்போர்க்காகவே அமைந்தது. நம் முனிவர் பெருமக்கள் ஏந்தும் மயிற்பீலியை எண்ணிப் பாருங்கள். அமருமுன் அவர் இடத்தைப் பீலியால் மெல்ல வருடுவது தம் வசதிக்காகவன்று. அவ்விடத்தில் இருக்கக்கூடிய சிற்றுயிர்க்காக. பீலி தமக்குச் சுமை என்று எந்த முனிவரும் அதனைக் கைவிடுவதில்லை. துறவிக்குப் பீலி எதுவோ, வண்டி ஓட்டும் இல்லறத்தானுக்கு இக்கருவி அதுவே என்று கொள்வது மிகையாகாது.

திருவள்ளூர் மாவட்டம் காட்டும் பாடம்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை, தொன்மை வாய்ந்த ஆதிநாதர் ஆலயம் அமைந்த புழலைக் கடந்து, சோழவரம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைகிறது. மோட்டார் வண்டியின் வரலாற்றில் இம்மாவட்டத்திற்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருந்த சோழவரத்தில், 1950-களிலிருந்து பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் அமைந்தபின் சோழவரத்தின் காலம் முடிவுற்றது. திருவள்ளூரை அடுத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அமைத்த ஆலையிலிருந்து 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் வெளிவந்தன. ரேலிப் பந்தயங்களில் ஓடிப் பெயர் பெற்ற அக்கார், இயந்திரத்தை மாற்றியமைக்க விரும்பும் இளைஞரின் மனத்திற்கு உகந்ததாக விளங்கியது. பிற்காலத்தில் கைம்மாறிய அவ்வாலையில், 2021-இல் விற்பனைக்கு வந்த சிட்ரோயன் கார்கள் உருவாயின.

காரை உருவாக்கி, பந்தயத்தில் ஓட்டி மகிழ்ந்த இதே மாவட்டம், புகையின் சுமையையும் தாங்கி நிற்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் உள்ளன. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் நிற்கிறது. நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டுச் சென்னையையும் அதன் சுற்றுப்புறங்களையும் நாடி வந்த நம் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆலை வாயிலிலிருந்து சைக்கிளிலும் கால்நடையாகவும் வெளிவரும் தொழிலாளரும், சாலையோரத் தேநீர்க் கடைக்காரரும், பேருந்துக்குக் காத்து நிற்கும் பள்ளிச் சிறாரும் மூச்சு விடுவது அந்தச் சாலையின் காற்றையே.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களில் கன்வர்ட்டர் இருத்தல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இக்கருவியைப் பாழாக்கிவிடும். ஈயமற்ற பெட்ரோலோ தொடக்கத்தில் பெருநகரங்களில்தான் கிடைத்தது. ஆதலின் அந்நாளில் ஊர்ப்புறம் செல்லும் கார்க்காரரின் இடர்ப்பாட்டில் ஓரளவு நியாயம் இருந்தது எனலாம். 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்பட்டமையால் அந்நியாயம் நீங்கியது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான நியதி நாடு முழுமைக்கும் வந்துவிட்டது. எரிபொருளிலுள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. தூய எரிபொருளை நாடு கொடுத்தபின் கருவியைக் கழற்றுவோர் எதனைக் காரணமாகக் காட்டுவர்?

சொல்லப்படும் சமாதானங்கள்

முதற் சமாதானம், "ஊரில் எத்தனையோ லட்சம் வண்டிகள், என் ஒரு கார் என்ன செய்துவிடும்?" என்பது. எளிய கணக்கு ஒன்று போதும். பத்தில் ஒன்பது பங்கு நச்சை நீக்கும் கருவியைக் கழற்றினால், எஞ்சிய ஒரு பங்கு பத்துப் பங்காகிறது. கழற்றியவர் சாலையில் விட்டது ஒரு காரையன்று, பத்துக் கார்களை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அந்நாட்டில் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்திற்கும் மேற்பட்ட டீசல் வண்டிகளில் இக்கருவிகள் நீக்கப்பட்டதாக மதிப்பிட்டது. அதனால் விளையும் மாசு, விதிப்படி ஓடும் 90 லட்சம் வண்டிகளைச் சாலையில் கூடுதலாக இறக்கியதற்கு ஒப்பாகும் என்றும் கூறியது. அவ்வண்டிகளின் உரிமையாளர் ஒவ்வொருவரும் தம்முடையது ஒரே ஒரு வண்டி என்றுதான் எண்ணியிருப்பர்.

இரண்டாவது சமாதானம், "கும்மிடிப்பூண்டியில் ஆலைப் புகைபோக்கிகள் கக்குகின்றனவே, அவற்றைக் கேட்பார் இல்லையா?" என்பது. கேட்கத்தான் வேண்டும். புகையை வடிகட்டும் கருவியை நிறுத்திவிட்டு உலையை ஓட்டுபவர் எவராயினும் அவர் செய்வதும் இதே குற்றமே; அளவில் பெரிது, தன்மையில் ஒன்று. ஆயினும் ஒருவர் தீமை மற்றொருவர் தீமைக்கு உரிமைச் சீட்டு ஆகாது. மேலும் ஒரு வேறுபாட்டையும் கருத வேண்டும். ஆலையின் புகைபோக்கி வானளாவ நிற்பது; அதன் புகை பரந்து விரிந்து நீர்த்தே தரைக்கு வருகிறது. காரின் புகைக்குழாயோ தரையிலிருந்து ஓரடி உயரத்தில் உள்ளது. சிக்னலில் நிற்கும் காரின் பின்னே, ஸ்கூட்டரில் தந்தையின் முன் நிற்கும் குழந்தையின் முகத்தருகே அது திறந்திருக்கிறது.

மூன்றாவது சமாதானமே நுட்பமானது. "என் புகையால் இன்னார் இறந்தார், இன்னார் நோயுற்றார் என்று எவராலும் காட்ட முடியுமா?" என்று வினவுவர். காட்ட முடியாதுதான். காற்றில் கலந்த நச்சு எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று எவர் நுரையீரலும் சொல்லாது. பொதுவான நீதிமுறை இவ்விடத்தில் தடுமாறுகிறது. பாதிக்கப்பட்டவர் இன்றேல் குற்றம் ஏது என்று கேட்கிறது. நம் ஆசாரியர்களோ இவ்வினாவைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்து விடை கண்டுள்ளனர்.

எவ்வகை இம்சை?

தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமிகள், இம்சையின் இலக்கணத்தைக் கூறுங்கால், உயிருக்கு நேரும் ஊறு மட்டுமின்றி, அவ்வூறுக்குக் காரணமான பிரமாதம், அதாவது கருத்தின்மையும் அசட்டையும் கூடிய மனநிலையை, அவ்விலக்கணத்தின் முதலில் வைத்தார். அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் விளக்கினார். கவனத்தோடு அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் எதிர்பாராது ஓருயிர் மடிந்தாலும் அவர் இம்சை செய்தவர் ஆகார். அசட்டையாக நடப்பவனோ உயிர் எதுவும் மடியாவிடினும் இம்சை செய்தவனே என்பது அவர் கருத்து. ஆகவே "யார் இறந்தார்?" என்னும் வினாவை நம் அறநூல்கள் இறுதி வினாவாகக் கொள்வதில்லை. "நீ எவ்வாறு நடந்தாய்?" என்பதே அவை கேட்பது.

இல்லறத்தார் முழுமையான கொல்லாமையைக் கடைப்பிடிக்க இயலாது. ஆதலின் இம்சையை நான்காகப் பகுத்து, அவர்க்குரிய எல்லையை வகுத்தனர் பெரியோர். சமைத்தல், வீடு கட்டல் போன்றவற்றால் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, தொழில் ஆகியவற்றால் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. இறுதியானதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும்; ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும்.

ஒருவர் கும்மிடிப்பூண்டி ஆலைக்கு வேலைக்குச் செல்லக் கார் ஓட்டுகிறார். பெட்ரோல் எரிகிறது, காற்றைத் தம் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களும் அக்காற்றை உயிர்க்கும் ஐயறிவு உயிர்களும் அதனால் துன்புறுகின்றன. இது உத்தியோக இம்சை. பிழைப்பின் பொருட்டு நேர்வது. அதே மனிதர் கருவியைக் கழற்றியபின் அதே சாலையில் அதே வேலைக்குச் செல்கிறார். இப்போது கூடுதலாக வெளிப்படும் ஒன்பது பங்கு நச்சுக்கு அவருடைய பிழைப்பு காரணமன்று. கருவி இருந்தபோதும் அவர் வேலைக்குச் சென்றுதான் வந்தார். ஆகவே அந்த ஒன்பது பங்கை உத்தியோகக் கணக்கில் எழுத வழியில்லை.

அங்ஙனமாயின் அது சங்கல்ப இம்சையா? எவரையும் துன்புறுத்த வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இல்லை. அவர் விரும்பியது முழக்கமும் விரைவும் மட்டுமே. எனவே கொலைக் கருத்தோடு செய்யும் இம்சையோடு இதனை ஒன்றாக வைத்தல் நேர்மையாகாது. இதற்கு உரிய இடத்தைச் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் காட்டியுள்ளார். பயனின்றிச் செய்யும் தீங்கிற்கு அவர் அனர்த்த தண்டம் என்று பெயரிட்டு, அதனின்று விலகுதலை இல்லறத்தார்க்கு விரதமாக்கினார். அதன் ஐந்து வகைகளுள் ஒன்று பிரமாத ஒழுக்கம். மண், நீர், தீ, காற்று ஆகியவற்றைத் தேவையின்றி அலைக்கழிப்பதும், வீணே சுற்றித் திரிவதும் அதனுள் அடங்கும். அந்நூலைத் தழுவி எழுந்த அருங்கலச்செப்பின் வாயிலாகத் தமிழ்ச் சமணர்க்கு இக்கருத்து நெடுநாள் பழக்கமானதே. மோட்டார் வண்டியைக் காணாத காலத்துப் பெரியோர் கூறிய இலக்கணம் இச்செயலுக்கு அப்படியே பொருந்துகிறது. தேவை இல்லை, பயன் அற்பம், தீங்கு உறுதி, தீங்கு நேரும் என்னும் அறிவும் உண்டு. அறிந்தபின்னும் தொடரும் அசட்டை, சங்கல்பத்தின் வாயிற்படியில் நிற்பது என்பதையும் மறத்தலாகாது.

பொய்யும் களவும் உடன்வரும்

கருவியைக் கழற்றும் செயல் தனியே வருவதில்லை. வண்டியின் கணினி, கருவி இல்லாததை உணர்ந்து எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். அவ்விளக்கை அணைக்கக் கணினிக்கே பொய் சொல்லிக் கொடுக்க வேண்டும். சிலர் வெளிக்கூட்டை அப்படியே விட்டு உள்ளிருக்கும் பீங்கானை மட்டும் உடைத்தெடுத்து, கருவி இருப்பதுபோல் தோற்றம் காட்டுவர். புகைச் சான்றிதழ் பெறுவதற்கு மற்றொரு பொய் வேண்டும்.

அறநூல்கள் கூறும் விரதக் குற்றங்களை, அதாவது அதிசாரங்களை, இவ்விடத்தில் நினைவுகூர்க. பொய்ப் பத்திரம் எழுதுதல் வாய்மை விரதத்தின் குற்றங்களுள் ஒன்று. அரசின் நெறியைக் கடத்தல், அளவையில் ஏமாற்றல், போலியை மெய்ப்பொருள் போல் வழங்கல் ஆகியவை கள்ளாமை விரதத்தின் குற்றங்கள். உள்ளீடற்ற கன்வர்ட்டர் போலிப் பொருள். பார்க்காமலே தரும் புகைச் சான்றிதழ் பொய்ப் பத்திரம். சோதனையில் ஒன்றும் சாலையில் வேறொன்றுமாக இயங்கும் இயந்திரம் கள்ள அளவை. அரசின் நெறியைக் கடந்தமையும் வெளிப்படை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு நியதியை மீறி வண்டியை ஓட்டுபவருக்கு முதன்முறையில் மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. களவு என்றால் பிறர் பொருளை எடுத்தல் மட்டுமன்று. ஊரார் அனைவர்க்கும் உரிய தூய காற்றை அவர் அறியாமல் குறைத்தலும் அதன் பாற்படும்.

"சோதனையில் தேறிவிட்டேன், பின் என்ன?" என்பாரும் உளர். புகைப் பரிசோதனை நிலையத்தில் பெட்ரோல் வண்டி நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் வண்டியில் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு அங்கு அளக்கப்படுவதில்லை. எனவே ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்த டீசல் வண்டி அச்சோதனையில் எளிதில் தேறிவிடக்கூடும். அரசின் அளவுகோல் எட்டாத இடத்தில்தான் விரதத்தின் வேலை தொடங்குகிறது. இரவில் உண்ணாமையைக் கண்காணிக்க நம் வீடுகளுக்கு எந்த அதிகாரி வருகிறார்?

இக்குற்றம் பட்டறையோடு நிற்பதில்லை என்பதை உலகம் 2015 செப்டம்பரில் கண்டது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை, உலகெங்கும் சுமார் ஒரு கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் பொருத்தியிருந்தது அம்பலமாயிற்று. சாலையில் ஓடும்போது சில கார்கள் அமெரிக்க நியதியைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடை உமிழ்ந்தன. நம் நாட்டிலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் அந்நிறுவனத்திற்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; பின்னர் உச்ச நீதிமன்றம் அதன்மேல் கட்டாய நடவடிக்கை எடுப்பதற்குத் தடை வழங்கியது. அங்கே கருவி கழற்றப்படவில்லை, உறங்க வைக்கப்பட்டது. திருகுகோல் கொண்டு பட்டறையில் செய்வதையே மென்பொருள் கொண்டு பெருநிறுவனம் செய்தது. அதனைக் கண்டு முகம் சுளித்தவர்கள், தம் வீட்டு வாயிலில் நிற்கும் காரையும் ஒருமுறை நோக்குதல் நலம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றோடும் உறழ்ந்து நோக்குவது சமண அறத்தின் தனிச்சிறப்பு. இக்கணக்கில் எவரும் தப்புவதற்கில்லை. கழற்றும் மெக்கானிக் செய்பவர். பணம் கொடுக்கும் உரிமையாளர் செய்விப்பவர். "இதைக் கழற்றினால் வண்டி பறக்கும்" என்று கூறும் நண்பர் பாபோபதேசம் செய்பவர். தீய வழி காட்டுவதும் அனர்த்த தண்டமே. அதற்கான பொருள்களை விற்கும் கடைக்காரர் தீங்கின் கருவியைக் கொடுப்பவர். மகன் விருப்பம் என்று கண்டும் காணாமல் பணம் எடுத்துத் தரும் தந்தையும், முழக்கத்தைக் கேட்டு வியந்து கைதட்டும் உறவினரும் உடன்படுவோர்.

நம் இளைஞர் பலர் பொறியியல் கற்று மோட்டார்த் துறையிலும் ஆலைகளிலும் பணியாற்றுகின்றனர். சிலர் லாரி வைத்துத் தொழில் நடத்துகின்றனர். இவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. மேலதிகாரியோ வாடிக்கையாளரோ வடிகட்டியை நீக்கச் சொல்லும் நாளில், உடன்படுவதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களே. மறுத்தால் ஒரு வேலையோ ஒரு வாடிக்கையோ கைநழுவலாம். அவ்விழப்பு சிறிதன்று. அதனை ஏற்று மறுப்பவரைச் சமுதாயம் கைதாங்குதல் வேண்டும். பிழைக்கத் தெரியாதவர் என்று இகழ்தல் ஆகாது.

உண்மையான இடர்ப்பாடுகள்

கருவியை நீக்குவோர் அனைவரும் ஆடம்பரத்திற்காகவே நீக்குகின்றனர் என்று கூறுதல் முறையன்று. பழைய கார் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்திற்குப் புதிய கன்வர்ட்டரின் விலை பெருஞ்சுமை. அருகருகே மட்டும் ஓடும் டீசல் வண்டியில், கரியை எரிக்கத் தேவையான வெப்பம் எழாமல் வடிகட்டி அடைபடுவதும் உண்டு. இவை மெய்யான துன்பங்கள். ஆனால் அடைப்பு பெரும்பாலும் நோயின் அறிகுறியே. இயந்திரம் எண்ணெயை எரிக்கிறதா, பிளக் சரியாகப் பொறி விடுகிறதா, எரிபொருள் தூயதா என்று ஆராய்வதே முறையான மருத்துவம். வடிதுணி அழுக்கேறினால் துவைக்கிறோம். கிழிந்தால் வேறு துணி கட்டுகிறோம். துணியால் நீர் மெதுவாக இறங்குகிறது என்று துணியையே எறிந்துவிடுவதில்லை. குறுந்தொலைவு மட்டும் ஓட்டுவோர் டீசல் வண்டி வாங்காமல் இருத்தல் செலவையும் தீங்கையும் ஒருங்கே குறைக்கும்.

பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டியின் நிலை என்ன என்று இளைஞர் கேட்கலாம். மூடிய தடத்தில், குறித்த சில மணி நேரம், அறிந்து வந்தோர் நடுவே ஓடும் வண்டிக்கும், ஊர்ச் சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கும் வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். சாலையோரத்துச் சிறுவனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. ஆயினும் தடத்தைச் சுற்றி வேலி இடலாம். காற்றுக்கு வேலி இடல் இயலாது. அந்த இன்பம் தேவையானதா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கடமை அங்கும் நீங்குவதில்லை.

நாம் செய்யத்தக்கன

நம் கொல்லாமை அடுக்களையில் உறுதியாக நிலைபெற்றுள்ளது. கிழங்கை விலக்குகிறோம், இரவு உணவை விலக்குகிறோம், மாவில் புழு உண்டா என்று சலித்துப் பார்க்கிறோம். அவ்வளவு நுட்பமான அருள், வீட்டு வாயிலைத் தாண்டி வண்டியில் ஏறியவுடன் நின்றுவிடலாகாது. பழைய கார் வாங்குவோர் கன்வர்ட்டர் உள்ளதா, உள்ளீடு சரியாக உள்ளதா என்று நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு பார்த்தபின் வாங்குக. நீக்கப்பட்டிருப்பின் மீண்டும் பொருத்துக. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காரணத்தைத் தீர்க்குக. புகைச் சான்றிதழை வண்டியை நேரில் காட்டிச் சோதித்தே பெறுக. சரக்கு அனுப்பும் வணிகர், தாம் அமர்த்தும் லாரியின் நிலையையும் ஒரு வார்த்தை கேட்பாராக. பர்யூஷண நாட்களில் செய்த பிழைகளை எண்ணி உயிர்களிடம் மன்னிப்பு வேண்டும்போது, நம் புகையை உயிர்த்த முகமறியா மக்களையும் அவ்வுயிர்களுள் சேர்த்து எண்ணுவோமாக.

இத்தகைய காப்பினால் ஒருவர் பெறும் பயனை எவரும் அளந்து காட்ட முடியாது. நீரை வடிகட்டிய நம் பாட்டிமார், துணியில் எத்தனை உயிர் தப்பின என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணாமலே ஆயுள் முழுவதும் வடிகட்டினர். அவ்வழி வந்தோர் புகையையும் வடிகட்டி விடுவாராக. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க! நல்லறம் ஓங்குக!